ஒருமுறை புகுபதிகை, பல உப ஆள்களங்கள்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல்
க.பொ.த. (சாதாரண தரம்): இணையம் பற்றிய அலகுக்கான மேலதிக விளக்கம்



பாடசாலைக் கணினி அறையில் ஒரே கணினியைப் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவது வழக்கம். மாணவி ஒருத்தி இணையத்தளம் ஒன்றில் தனது தவணைப் பரீட்சைப் புள்ளிகளைப் பார்க்கிறாள் எனக் கொள்வோம். பின்னர் அதே தளத்தின் நூலகப் பகுதிக்குச் சென்று ஒரு நூலைத் தேடுகிறாள். வேலை முடிந்ததும் 'விடுபதிகை' என்னும் பொத்தானை அழுத்திவிட்டு எழுந்து செல்கிறாள். அடுத்து வந்த மாணவன் புள்ளிகள் உள்ள பக்கத்தைத் திறக்கிறான். கடவுச்சொல் கேட்கப்படவில்லை. அம்மாணவியின் பெயரும் புள்ளிகளும் அவன் முன் தோன்றுகின்றன.

அவள் விடுபதிகை செய்துவிட்டுத்தானே சென்றாள்? தவறு எங்கே நிகழ்ந்தது? இக்கட்டுரையை முழுமையாக வாசித்தபின் இவ்வினாவுக்கு நீங்களே விடையளிக்கக்கூடியதாக இருக்கும்.

1. ஆள்களமும் உப ஆள்களமும்

இணையத்தள முகவரியொன்றில் உள்ள ஆள்களப் பெயர், குற்றுகளாற் பிரிக்கப்பட்ட பல பகுதிகளைக் கொண்டது என்பதை நீங்கள் ஏற்கெனவே கற்றிருப்பீர்கள். அதனை வலமிருந்து இடமாக வாசித்தல் வேண்டும். எழுத்து உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ள எக்சாம்பிள்.கொம் என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். இதில் 'கொம்' என்பது உயர்மட்ட ஆள்களம். 'எக்சாம்பிள்' என்பது அதன் கீழ்ப் பதிவுசெய்யப்பட்ட பெயர்.

ஒரு பெயரைப் பதிவுசெய்தவர் அதன் இடப்பக்கத்தில் தாம் விரும்பிய சொற்களைச் சேர்த்து உப ஆள்களங்களை ஆக்கிக்கொள்ளலாம். எமது கற்பனைப் பாடசாலையின் தளம் பின்வரும் மூன்று உப ஆள்களங்களைக் கொண்டது.

(அ) பெறுபேறு.எக்சாம்பிள்.கொம்: பரீட்சைப் புள்ளிகள்
(ஆ) நூலகம்.எக்சாம்பிள்.கொம்: நூற்பட்டியல்
(இ) மன்றம்.எக்சாம்பிள்.கொம்: மாணவர் மன்றங்கள் தாமே ஆக்கும் பக்கங்கள்

பார்ப்பவருக்கு இவை மூன்றும் ஒரே தளம் போலத் தோன்றும். ஆனால் மூன்றும் மூன்று வெவ்வேறு சேவையகங்களில் இயங்கக்கூடும். மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் பராமரிக்கவும் கூடும். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்க.

2. அமர்வு என்பது யாது?

இணையப் பக்கங்களைக் கொண்டுசெல்லும் எச்.ரி.ரி.பி என்னும் நடப்பொழுங்கு நிலை பேணாதது. அதாவது, ஒரு வேண்டுகோளுக்கு விடையளித்தபின் அதனை அனுப்பியவர் யாரென்பதை அது நினைவில் வைத்திருப்பதில்லை. நீங்கள் கடவுச்சொல்லைக் கொடுத்து ஒரு பக்கத்தைத் திறந்தபின் அடுத்த பக்கத்தைக் கேட்டால், சேவையகத்துக்கு நீங்கள் மீண்டும் ஓர் அந்நியரே.

இக்குறையைத் தீர்க்கும் வழியை அரசினர் வைத்தியசாலையொன்றின் வெளிநோயாளர் பிரிவில் காணலாம். அங்கு முதலில் பதிவு செய்யும் இடத்தில் உங்கள் பெயர், வயது முதலியவற்றைக் கூறுகிறீர்கள். அவை பதிவேட்டில் எழுதப்பட்டு, உங்களுக்கு ஓர் இலக்கத் துண்டு தரப்படுகிறது. அதன்பின் வைத்தியரிடமும் மருந்து கொடுக்கும் யன்னலிலும் அத்துண்டைக் காட்டினாற் போதும். துண்டில் இருப்பது இலக்கம் மாத்திரமே. விபரங்கள் பதிவேட்டிலேயே உள்ளன.

இணையத்திலும் இவ்வாறே நடைபெறுகிறது. பயனர் பெயரும் கடவுச்சொல்லும் சரியாயின், சேவையகம் எவராலும் ஊகிக்க முடியாத நீண்ட எண்ணொன்றை எழுந்தமானமாக ஆக்குகிறது. இது அமர்வு அடையாள எண் எனப்படும். அவ்வெண்ணையும் அதற்குரியவர் யார் என்பதையும் சேவையகம் தனது தரவுத்தளத்தில் பதிகிறது. எண்ணை மாத்திரம் உங்கள் இணைய மேலோடிக்கு அனுப்புகிறது. மேலோடி அதனைக் குக்கி என்னும் சிறு தரவாகச் சேமித்து, அடுத்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளுடனும் திருப்பி அனுப்புகிறது. புகுபதிகையிலிருந்து விடுபதிகை வரையிலான இத்தொடர்பே அமர்வு ஆகும்.

குக்கியை 1994 ஆம் ஆண்டில் ஆக்கியவர் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொண்டுலி என்னும் பொறியியலாளர். இணையக் கடையொன்றில் வாங்குபவர் தெரிவுசெய்த பொருள்களை நினைவில் வைத்திருக்கும் தேவையே அதற்குக் காரணமாயிற்று. இன்று மேலோடிகள் பின்பற்றும் விதிகள் 2011 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆர்.எப்.சி 6265 என்னும் ஆவணத்தில் ஒழுங்காக எழுதப்பட்டன.

கவனிக்குக: சேவையகம் பார்ப்பது எண்ணை மாத்திரமே, ஆளை அன்று. உங்கள் அமர்வு எண்ணை வேறொருவர் பெற்றுக்கொண்டால், அவ்வமர்வு முடியும்வரை அவரும் சேவையகத்துக்கு 'நீங்களே' ஆவார். கடவுச்சொல் அவருக்குத் தேவைப்படாது. எனவே குக்கி எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்கிறது என்பது மிக முக்கியமான வினாவாகும்.

3. குக்கி எங்கு செல்லும்?

சேவையகம் குக்கியை அனுப்பும்போது அதனுடன் சில பண்புகளையும் குறிப்பிடலாம். அவற்றுள் ஒன்று 'டொமைன்', அதாவது ஆள்களம். ஆங்கில எழுத்துகளில் எழுதப்படும் அவ்வரிகள் இங்கு தமிழ் ஒலிப்பிலே தரப்படுகின்றன.

முதலாம் முறை:
செட்-குக்கி: அமர்வு=48213907
இதில் ஆள்களம் குறிப்பிடப்படவில்லை. பெறுபேறு.எக்சாம்பிள்.கொம் இதனை அனுப்பியிருந்தால், குக்கி அந்த ஒரு பெயருக்கு மாத்திரமே திரும்பிச் செல்லும். நூலகத்துக்குச் செல்லாது.

இரண்டாம் முறை:
செட்-குக்கி: அமர்வு=48213907; டொமைன்=எக்சாம்பிள்.கொம்
இக்குக்கி எக்சாம்பிள்.கொம் என்னும் பெயருக்கும் அதன் கீழுள்ள எல்லா உப ஆள்களங்களுக்கும் செல்லும்.

(எளிமைக்காக எட்டு இலக்கங்கள் காட்டப்பட்டுள்ளன. உண்மையான அமர்வு எண் இதனிலும் மிக நீண்டது.)

டொமைன் பண்பில் எதனையும் எழுதிவிட முடியாது. நூலகம்.எக்சாம்பிள்.கொம் என்னும் சேவையகம் தன் பெயரையோ தனக்கு மேலுள்ள எக்சாம்பிள்.கொம் என்பதையோ குறிப்பிடலாம். தன் பக்கத்திலுள்ள பெறுபேறு.எக்சாம்பிள்.கொம் என்பதைக் குறிப்பிட்டால் மேலோடி அக்குக்கியை ஏற்காது. சுருங்கக் கூறின், பெற்றோர் பெயருக்குக் குக்கி இடலாம், உடன்பிறந்தோர் பெயருக்கு இட முடியாது.

இரண்டாம் முறையைப் பின்பற்றினால் மட்டும் ஒருமுறை புகுபதிகை எல்லாப் பகுதிகளுக்கும் போதுமானதாகிவிடுமா? இல்லை. வைத்தியசாலையின் இரு பிரிவுகள் தனித்தனிப் பதிவேடுகளை வைத்திருந்தால், ஒன்றின் துண்டை மற்றையதிற் காட்டிப் பயனில்லை. அதுபோல எல்லா உப ஆள்களங்களின் சேவையகங்களும் ஒரே அமர்வுத் தரவுத்தளத்தைப் பார்த்தல் வேண்டும். ஆகவே பொதுவான குக்கி, பொதுவான பதிவேடு ஆகிய இரண்டும் அவசியம். பரீட்சை விடையில் ஒன்றை மாத்திரம் எழுதுவது மாணவர் பொதுவாக விடும் தவறாகும்.

4. வசதிக்கு உதாரணம்: விக்கிப்பீடியா

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மொழிக்கும் ஓர் உப ஆள்களம் உண்டு. தமிழுக்குரியது ரி.ஏ.விக்கிப்பீடியா.ஓர்க், ஆங்கிலத்துக்குரியது ஈ.என்.விக்கிப்பீடியா.ஓர்க். ஆரம்பத்தில் ஒவ்வொரு மொழியிலும் தனித்தனிக் கணக்கு ஆரம்பிக்க வேண்டியிருந்தது. 2008 ஆம் ஆண்டில் ஒருங்கிணைந்த கணக்கு முறை பயனர்களுக்கு வழங்கப்பட்டது. எஞ்சிய கணக்குகளை ஒன்றிணைக்கும் வேலை 2015 இல் நிறைவுற்றது.

விக்கிப்பீடியா.ஓர்க் என்னும் பெயருக்கு இடப்படும் குக்கியானது எல்லா மொழிகளுக்கும் செல்லக்கூடியது. ஆனால் விக்சனரி என்னும் அகரமுதலித் திட்டம் விக்சனரி.ஓர்க் என்னும் வேறு பெயரில் உள்ளது. அக்குக்கி அங்கு செல்லாது. இரண்டும் ஒரே அமைப்பின் தளங்கள்தாம். எனினும் மேலோடி உரிமையாளரைப் பார்ப்பதில்லை, பெயரையே பார்க்கிறது.

இத்தகைய சந்தர்ப்பங்களில் பொதுவான புகுபதிகை மையமொன்று பயன்படும். அதன் படிமுறைகள் பின்வருமாறு.

(i) நீங்கள் செல்லும் தளம் உங்கள் மேலோடியை மையத்துக்குத் திருப்பிவிடும்.
(ii) மையம் தனது சொந்தக் குக்கியைப் பார்த்து உங்களை இனங்காணும்.
(iii) ஒருமுறை மாத்திரம் செல்லுபடியாகும் குறுங்காலக் குறியீடொன்றைக் கொடுத்து மேலோடியைத் திருப்பி அனுப்பும்.
(iv) தளம் அக்குறியீட்டை மையத்திடம் சரிபார்த்து, தனக்குரிய குக்கியை இடும்.

இம்முறை ஒற்றைப் புகுபதிகை எனப்படும். ஒவ்வொரு தளத்தின் குக்கியும் அத்தளத்துக்குள்ளேயே நிற்பது இதன் சிறப்பாகும்.

5. ஆபத்துக்கு உதாரணம்: கிட்ஹப்

செய்நிரலாளர்கள் தமது ஆக்கங்களைச் சேமித்துப் பகிரும் தளம் கிட்ஹப் ஆகும். அதன் முதன்மைப் பெயர் கிட்ஹப்.கொம். பயனர்கள் தமக்கென இணையப் பக்கங்களை ஆக்கவும் அத்தளம் இடமளித்தது. 2013 வரை அப்பக்கங்கள் 'பயனர்பெயர்.கிட்ஹப்.கொம்' என்னும் வடிவிலான உப ஆள்களங்களில் இருந்தன. 2013 ஏப்பிரலில் அவையனைத்தும் கிட்ஹப்.ஐஓ என்னும் வேறு பெயரின்கீழ் மாற்றப்பட்டன. முதன்மைத் தளத்தின் அமர்வுகளைத் தாக்கக்கூடிய வழிகளை அடைப்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று.

அவ்வழிகள் எவை? பயனர் ஆக்கிய பக்கத்தில் அவர் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் இயங்கும். அந்நிரலும் பெற்றோர் பெயராகிய கிட்ஹப்.கொம் இற்குக் குக்கி இடமுடியும். மேலும், மேலோடி குக்கியைத் திருப்பி அனுப்பும்போது அதன் பெயரையும் பெறுமானத்தையும் மாத்திரமே அனுப்புகிறது. அதனை இட்டவர் யாரென்பதை அனுப்புவதில்லை. ஆகவே தான் இட்ட குக்கியையும் தீயவர் இட்ட அதே பெயருள்ள குக்கியையும் சேவையகத்தால் வேறுபடுத்தியறிய முடியாது. தீயவர் தன் சொந்த அமர்வு எண்ணை உங்கள் மேலோடியில் இட்டுவிட்டால், நீங்கள் அறியாமலே அவரது கணக்கினுள் வேலை செய்து, உங்கள் தரவுகளை அங்கே சேமித்துவிடக்கூடும்.

இப்போது எமது பாடசாலைத் தளத்துக்கு வருவோம். மன்றம்.எக்சாம்பிள்.கொம் என்பதில் மாணவர்களே பக்கங்களை ஆக்குகின்றனர். எக்சாம்பிள்.கொம் முழுவதற்கும் செல்லும் அமர்வுக் குக்கி மன்றத்தின் சேவையகத்துக்கும் செல்லும். மன்றத்தை நடத்துபவர் விரும்பினால் அங்கு வரும் ஒவ்வொருவரின் அமர்வு எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டு, அவர்களது புள்ளிகளைத் திறந்து பார்க்கலாம். ஆசிரியர் ஒருவர் மன்றத்துக்கு வந்தால் விளைவு இன்னும் மோசமாகும். அவரது எண்ணைக் கொண்டு புள்ளிகளை மாற்றவும் கூடும். ஆகவே பிறர் ஆக்கும் பக்கங்களை வேறொரு ஆள்களப் பெயரில் வைப்பதே சிறந்தது.

6. எல்லை எங்கே?

பெற்றோர் பெயருக்குக் குக்கி இடலாம் என்றோம். அவ்வாறாயின் 'கொம்' என்பதற்கே இடலாமா? இட்டால் உலகிலுள்ள எல்லாக் கொம் தளங்களுக்கும் அது செல்லும் அல்லவா?

இவ்வினா எமது நாட்டுப் பெயர்களுக்கும் பொருந்தும். இலங்கையின் உயர்மட்ட ஆள்களம் எல்.கே. அதன்கீழ்ப் பாடசாலைகளுக்கு எஸ்சிஎச்.எல்கே, அரச நிறுவனங்களுக்கு ஜிஓவி.எல்கே, உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏசி.எல்கே என்னும் பிரிவுகள் உள்ளன. ஒரு பாடசாலை எஸ்சிஎச்.எல்கே என்பதற்குக் குக்கி இடமுடியுமாயின், அப்பிரிவிலுள்ள மற்றெல்லாப் பாடசாலைகளின் தளங்களும் அதனைப் பெற்றுவிடும்.

நெட்ஸ்கேப் காலத்தில் பெயரிலுள்ள குற்றுகளை எண்ணி இதனைத் தடுக்க முயன்றனர். ஆனால் சில நாடுகளில் நேரடியாக இரண்டாம் மட்டத்திலும், சிலவற்றில் மூன்றாம் மட்டத்திலும் பெயர்கள் பதியப்படுவதால் எண்ணிக்கை போதவில்லை. ஆகவே மொஸில்லா அமைப்பு தொடங்கிய 'பொதுப் பின்னொட்டுப் பட்டியல்' இன்று பயன்படுகிறது. எந்தெந்தப் பெயர்களின்கீழ் ஒருவரோடொருவர் தொடர்பற்ற பலர் பெயர் பதிகின்றனரோ அவை அப்பட்டியலில் உள்ளன. அவற்றுக்கு இடப்படும் குக்கியை மேலோடி நிராகரிக்கும். கொம், எஸ்சிஎச்.எல்கே, தமிழெழுத்திலேயே அமைந்த எமது உயர்மட்ட ஆள்களமாகிய 'இலங்கை' ஆகியன அதில் இடம்பெற்றுள்ளன. முற்பகுதியிற் கண்ட கிட்ஹப்.ஐஓ என்பதும் அதில் உள்ளது.

7. விடுபதிகை: ஆரம்ப வினாவுக்கு விடை

அம்மாணவியின் தளத்தில் பெறுபேற்றுப் பகுதியும் நூலகப் பகுதியும் தத்தமக்கெனத் தனிக்குக்கிகளை இட்டிருந்தன. அவள் அழுத்திய பொத்தான் நூலகத்துக்குரியது. அது நூலகக் குக்கியை மாத்திரமே அழித்தது. பெறுபேற்றுக் குக்கி வேறொரு பெயருக்குரியது ஆதலால், நூலகச் சேவையகத்தால் அதனைத் தொடவே முடியாது. ஆகவே அவளது பெறுபேற்று அமர்வு உயிருடன் இருந்தது.

பொதுக் குக்கியைப் பயன்படுத்தும் தளங்களிலும் இதனையொத்த வழு ஏற்படுவதுண்டு. ஒரு குக்கியை அழிக்க, அதே பெயர், அதே டொமைன், அதே பாதை ஆகியவற்றுடன் காலங்கடந்த திகதியொன்றை இட்டு அனுப்புதல் வேண்டும். டொமைனைக் குறிப்பிட மறந்தால் பழைய குக்கி அப்படியே இருக்கும்.

இவற்றுக்கான உறுதியான தீர்வு, விடுபதிகையைச் சேவையகப் பக்கத்திற் செய்வதாகும். அதாவது, பொதுப் பதிவேட்டில் அப்புகுபதிகைக்குரிய எல்லா அமர்வுகளையும் அழித்துவிட வேண்டும். இலக்கம் பதிவேட்டில் வெட்டப்பட்டபின் துண்டு எவர் கையில் இருந்தாலும் பயனில்லை. இவ்வாறு செய்திருந்தால் அடுத்த மாணவனுக்குப் புகுபதிகைப் பக்கமே தோன்றியிருக்கும்.

எதுவும் செய்யாது எழுந்து செல்பவர்களுக்காகக் கால எல்லையும் அவசியம். உதாரணமாக, பி.எச்.பி மொழியின் இயல்பான அமைப்பில் 1440 செக்கன்கள், அதாவது 24 நிமிடங்கள், பயன்படுத்தப்படாத அமர்வு அழிக்கத்தக்கதாகக் கருதப்படுகிறது.

8. குக்கியின் ஏனைய பாதுகாப்புப் பண்புகள்

(அ) செக்கியூர்: மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் மாத்திரம் குக்கியை அனுப்பும்.
(ஆ) எச்.ரி.ரி.பி-ஒன்லி: பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் குக்கியை வாசிப்பதைத் தடுக்கும்.
(இ) சேம்-சைட்: வேறு தளத்திலிருந்து எழும் வேண்டுகோள்களுடன் குக்கி செல்வதைக் கட்டுப்படுத்தும். ஒரே பதிவுப் பெயரின்கீழுள்ள உப ஆள்களங்கள் 'ஒரே தளம்' என்றே கருதப்படும். எனவே மன்றத்திலிருந்து வரும் ஆபத்தை இது தடுக்காது.

இவற்றுடன், புகுபதிகை வெற்றிபெற்றவுடன் பழைய அமர்வு எண்ணைக் கைவிட்டுப் புதிய எண் வழங்குவதும் அவசியமாகும். அப்போது பிறர் முன்கூட்டியே இட்டுவைத்த எண் பயனற்றுப் போகும்.

நினைவிற் கொள்க

• அமர்வுக் குக்கியை வைத்திருப்பவரைச் சேவையகம் உரிய பயனராகவே கருதும்.
• டொமைன் குறிப்பிடாவிடின் குக்கி ஒரு பெயருக்கு மாத்திரம் செல்லும். குறிப்பிட்டால் அப்பெயருக்கும் அதன்கீழுள்ள அனைத்துக்கும் செல்லும்.
• குக்கியின் எல்லையை முழுமையாக நம்பத்தக்க உப ஆள்களங்கள் மாத்திரம் உள்ளபோதே விரித்தல் வேண்டும்.
• விடுபதிகை பதிவேட்டிலும் நிகழவேண்டும்.
• பொதுக் கணினியில் வேலை செய்யும்போது, திறந்த ஒவ்வொரு பகுதியிலும் விடுபதிகை செய்து, அப்பக்கங்களை மீண்டும் திறந்து கடவுச்சொல் கேட்கப்படுகிறதா எனப் பார்த்துவிட்டு எழுந்து செல்லுங்கள். மேலோடியை மூடுவது மாத்திரம் போதாது. சில மேலோடிகள் மீண்டும் திறக்கும்போது முன்னைய அமர்வையும் மீட்டுத் தரும்.

பயிற்சி வினாக்கள்

1. பெறுபேறு.எக்சாம்பிள்.கொம் டொமைன் பண்பைக் குறிப்பிடாது ஒரு குக்கியை இடுகிறது. அது செல்வது
(1) எல்லாக் கொம் தளங்களுக்கும்
(2) எக்சாம்பிள்.கொம் இன் எல்லா உப ஆள்களங்களுக்கும்
(3) பெறுபேறு.எக்சாம்பிள்.கொம் இற்கு மாத்திரம்
(4) எக்சாம்பிள்.கொம் இற்கு மாத்திரம்

2. நூலகம்.எக்சாம்பிள்.கொம் இடும் குக்கியின் டொமைன் பண்பாகப் பின்வருவனவற்றுள் மேலோடி ஏற்றுக்கொள்வது
(1) பெறுபேறு.எக்சாம்பிள்.கொம்
(2) எக்சாம்பிள்.கொம்
(3) கொம்
(4) மன்றம்.எக்சாம்பிள்.கொம்

3. ஒரு தளத்தின் விடுபதிகைப் பொத்தான் மேலோடியிலுள்ள குக்கியை மாத்திரம் அழிக்கிறது. அதற்கு முன்னரே ஒருவர் அமர்வு எண்ணைப் பிரதி செய்துவிட்டார்.
(அ) விடுபதிகையின் பின்னரும் அவரால் கணக்கினுள் நுழைய முடியுமா? காரணம் தருக.
(ஆ) இதனைத் தடுக்கச் சேவையகத்தில் செய்யவேண்டிய இரண்டு மாற்றங்களை எழுதுக.

விடைகள்

1. (3)
2. (2)
3. (அ) முடியும். அமர்வு எண் சேவையகத்தின் பதிவேட்டில் இன்னும் செல்லுபடியாக உள்ளது. சேவையகம் எண்ணை மாத்திரமே சோதிக்கிறது.
(ஆ) விடுபதிகையின்போது பதிவேட்டிலிருந்து அமர்வை அழித்தல். பயன்படுத்தப்படாத அமர்வுகளுக்குக் கால எல்லை விதித்தல்.